வளையல் போட்ட ட்ரோன்

கடை அலமாரியில் இரண்டு பந்தய ட்ரோன்கள் இருந்தன. பெரியது சூறாவளி. சின்னது சுண்டைக்காய், அதன் விசிறிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையங்கள். ஒரு தடவையாவது பறந்துவிட மாட்டோமா என்று அது மூன்று மாதமாக ஏங்கிக் கிடந்தது.

"வளையல் போட்டுக்கிட்டு ரேஸுக்கா கிளம்பிட்டே?" என்று சூறாவளி தினமும் விர்ர்ரென்று சிரிக்கும்.

தன் முதல் ட்ரோனை வாங்க ஓர் அணில் வந்தது. "இருக்கறதுலயே வேகமானதைக் கொடுங்க. கிளைக்குக் கிளை தாவுறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி!" என்று சூறாவளியைத் தூக்கிக்கொண்டு போனது.

மறுநாளே சூறாவளி ஒரு பைக்குள் நாலு துண்டாகத் திரும்பி வந்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"ட்ரோன் ஓட்டுற வீடியோ கண்ணாடியை மாட்டிக்கிட்டு என் கேமரா வழியா வேப்பங்கிளையைப் பார்த்தான்டா. பழக்கதோஷம், என்னை அது மேலேயே தாவ விட்டுட்டான்."

அணில் அசட்டுச் சிரிப்போடு இந்தத் தடவை சுண்டைக்காயை எடுத்துக்கொண்டது. அன்று சாயங்காலத்துக்குள் சுண்டைக்காய் பதினேழு கிளைகளில் இடித்தது. பதினேழு தடவையும் குஷியாக எழும்பிப் பறந்தது.

அடுத்த வாரம் அணிலோடு அது கடைப்பக்கம் வந்தபோது, பழுதுபார்க்கும் மேசையிலிருந்து சூறாவளி மெல்லக் கூப்பிட்டது.

"தம்பி, அந்த வளையல் என் அளவுக்குக் கிடைக்குமா?"