மயிலம்மாளின் இடது தோள்

என் புருஷனின் கை மயிலம்மாளின் தோளில் இருந்தது.

அவர் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான். கூடப் போன ராமசாமி மட்டும் திரும்பி வந்து, வாந்திபேதி என்று சொன்னான். ஓர் எலும்புகூட வரவில்லை.

ஒன்பது வருஷமாக என் கனவில்கூட எட்டிப் பார்க்காத மனிதர், அரசாங்கம் கொடுத்த அடையாளக் கார்டில், மயிலம்மாளின் படத்தில், அவள் இடது தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முகம் இல்லை. மணிக்கட்டு வரைக்கும் கை மட்டும்.

அது என் புருஷன் அர்ச்சுனன் கை என்று முதலில் சொன்னதே நான்தான். தடித்த முட்டிகள், உளி பிடித்துப் பிடித்து உள்பக்கம் வளைந்துபோன ஆள்காட்டி விரல். ரப்பர் மரத்தில் பால் வெட்டியே உரமேறிய ஆம்பளைக் கை. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

நான் சொல்லும்வரை அவள் ஏதோ பேய் என்று பயந்துகொண்டிருந்தாள். சொன்ன மறுநாளிலிருந்து தலையில் பூ வைக்க ஆரம்பித்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயதில்.

லாரியில் உட்கார்ந்தால் இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விடுகிறாள். குடிக்கிற தேத்தண்ணியில் பாதியை மிச்சம் வைக்கிறாள். உயிரோடு இருந்தபோது அவள் உளியைத் தீட்டிக் கொடுத்தவர்தான் அவர். பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறவள், பாவம், துணையில்லாதவள் என்றார். நானும் நம்பினேன்.

முனியாண்டி கோயிலில் சாமி ஆடும் மங்கம்மாவிடம் போய், என்னிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். நீ கூப்பிட்டாயா என்று அவள் வாயால் அவர் திருப்பிக் கேட்டார். ஒன்பது வருஷமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேனாம்?

வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது.

இன்று ஆடி அமாவாசை. தோட்டத்துப் பெண்கள் போர்ட்டிக்சன் கடலில் முழுக்குப் போட அரை நாள் விட்டிருந்தார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று, தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்ட நாளிலிருந்து ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது. அதனால் செத்தவர்களுக்கு வெற்றிலையும் சுருட்டும்தான். நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். மயிலம்மாளும் முடிந்து வைத்திருந்தாள். யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

கேட்டில் கார்டு காட்டும் வரிசையில் எப்போதும் அவளுக்கு நாலு ஆள் தள்ளித்தான் நிற்பேன். இன்று கூட்டம் நெருக்கியதில் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டேன்.

கேட்டில் கார்டு பார்க்கும் மணியம் பெரிய கேலிக்காரன். அவள் கார்டை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அவளுடைய இடப்பக்கத்தை எட்டிப் பார்த்தான்.

“அவருக்குக் கார்டு எங்கக்கா? கார்டு இல்லாம வெளிய விட முடியாதுலா.”

வரிசையே சிரித்தது. அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கார்டைத் துணியிலிருந்து உருவி அவன் முன்னால் போட்டேன்.

“வள்ளிக்கா, கண்ண மூடுங்க,” என்றான்.

இது தினமும் நடக்கிற கூத்து. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, படக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கார்டிலும் அப்படியே விழுந்திருக்கிறது. கண்ணை மூடினால்தான் நான் வள்ளிநாயகி என்று மணியம் ஒப்புக்கொள்வான். அந்த அவமானத்தை நான் ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை.

மூடினேன். அவன் சிரிப்பு நிற்கவில்லை. சண்டை பிடிக்கலாம் என்று திறந்தேன்.

இரண்டு கார்டும் மேசையில் ஒட்டிக் கிடந்தன.

படம் பிடித்த அன்று எங்களை ஆறு ஆறு பேராக வரிசையில் நிறுத்தி ஒரே படமாகத்தான் பிடித்தார்கள். பிறகு கத்தரித்து ஆளுக்கொன்றாக ஒட்டினார்கள். எனக்கு வலப்பக்கம் நின்றவள் மயிலம்மாள்.

என் படத்தில், கண்ணை மூடிய கிழவி ஒருத்தி பயத்தில் வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள். மணிக்கட்டோடு படம் முடிந்திருந்தது. அங்கிருந்து மயிலம்மாளின் தோள் தொடங்கியது.

குனிந்து என் கையைப் பார்த்தேன். தடித்த முட்டிகள். வளைந்த ஆள்காட்டி விரல். முப்பது வருஷம் நானும் உளிதான் பிடித்தேன்.

முதலில் மனசு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். அவர் அவளிடம் போகவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அவள் பூவை உதிர்த்துவிடலாம் என்று வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. அவள் தோளில் இல்லையென்றால் அவர் எங்குமே இல்லை. சயாமிலிருந்து திரும்பி வரவே இல்லை.

“என்ன வள்ளி?” என்றாள் மயிலம்மாள்.

என் கார்டை வெடுக்கென்று எடுத்துத் துணியில் சுற்றினேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெற்றிலையையும் சுருட்டையும் அவள் கையில் திணித்தேன்.

“நீயே குடு. உன் கையாலதான் வாங்குவாரு. சுண்ணாம்பு தூக்கலா வெச்சிருக்கேன்னு சொல்லு.”

கடலுக்குப் போகிற பாதையில் அவளுக்கு வலப்பக்கமாக நடந்தேன். இடப்பக்கம் அவள் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தாள். பொறாமை கொஞ்சமும் குறையவில்லை.

வலக்கையை மட்டும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.