தாம்பூலப் பையில் ஒரு ஜாதகம்

"தாம்பூலப் பையில ஜாதகம், அதுவும் க்யூஆர் கோடுல! எவடி இதை ஸ்கேன் பண்ணப்போறா?" என்றார் சூர்யநாராயணன்.

"நாற்பத்தோரு பேர் பண்ணியாச்சுப்பா," என்றாள் அம்ருதா. புனேயின் நிக்டியில் அப்பா வீட்டுக் கொலுவின் முன் உட்கார்ந்து பைகளில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"போன் எத்தனை வந்தது?"

"இன்னும் வரலை."

"பாத்தியா! பஜ்ஜி மாவு பாக்கெட்லகூடத்தான் கோடு இருக்கு. நான் என்னிக்காவது ஸ்கேன் பண்ணியிருக்கேனா? விஜயதசமிக்குள்ள போன் வரலேன்னா வரன் பேச்சையே விட்டுடறேன்னு நீ சொன்னது ஞாபகம் இருக்கோன்னோ?"

"விஜயதசமி நாளைக்குத்தான்."

அப்போது போன் அடித்தது. அம்ருதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நமஸ்காரம். போபோடிலேர்ந்து நிர்மல் பேசறேன். அம்மா நேத்து உங்காத்துக் கொலுவுக்கு வந்திருந்தா. பையில இருந்த கோடை ஸ்கேன் பண்ணினேன். ஜாதகம் நன்னா பொருந்தறது."

சூர்யநாராயணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன நட்சத்திரம்?" என்றாள் அம்ருதா.

"அம்மாவுக்கு ரோகிணி. உங்கப்பா ஜாதகத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கு. எங்கப்பா போனப்புறம் அம்மாவுக்கு யாருமே தாம்பூலம் கொடுத்ததில்லை. நீங்கதான் கூப்பிட்டுக் கொடுத்தேள். பையை ராத்திரி முழுக்க மடியிலேயே வெச்சிண்டிருந்தா."

மனைவி போன ஐந்து வருடமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் சூர்யநாராயணன், பாணேரில் புருஷன் வீட்டிலிருந்து கொலு வைக்க வந்திருந்த மகளைப் பார்த்தார். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவாளுக்கும் ஒரு கோடு இருந்தா அனுப்பச் சொல்லேன்."