தானே வளரும் செல்

“நடக்கவே நடக்காதும்மா! வெளியிலேர்ந்து தூண்டுதல் வராம உலகத்துல எதுவும் வளராது” என்றார் ஆராய்ச்சி நிலைய இயக்குநர்.

மாணவி ஆய்வு ஃபைலை அவர் முன்னால் விரித்து வைத்தாள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அவள் ஆய்வு இன்றோடு மூடல். கண்ணும் கருத்துமாக வளர்த்த செல்களைச் சாயங்காலம் கழுவிக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“நல்ல செல் அப்படித்தான் சார். வளர்ச்சிக் காரணின்னு ஒரு சேதி வெளியிலேர்ந்து வந்து கதவைத் தட்டினாத்தான் பெருகும். ஆனா, புற்றுநோய் வைரஸ் புகுந்த செல் இருக்கே, அது அந்தக் காரணியைத் தானே தயாரிச்சு வெளியே விடுது. அப்புறம் யாரோ அனுப்பின மாதிரி தானே வாங்கிக்கிட்டு பெருகிட்டே போகுது!”

“தானே அனுப்பி, தானே வாங்கி, தானே பூரிச்சுப் போகுதாக்கும்?” இயக்குநர் குலுங்கிச் சிரித்ததில் நாற்காலி முனகியது. “அவ்வளவு வெட்கங்கெட்ட ஜென்மம் இயற்கையில கிடையாதும்மா.”

போன் அடித்தது. யாரென்று பார்த்தவர், சட்டென்று துண்டித்தார்.

“என்னையே எடுத்துக்கோ. இந்த வயசுலயும் எப்படி வளர்ந்துக்கிட்டே இருக்கேன்? எல்லாம் வெளித்தூண்டுதல்!”

மேஜையில் பாதியை அடைத்திருந்த பூங்கொத்தை அவள் பக்கம் திருப்பினார். அதில் தொங்கிய அட்டையைத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“‘அறிவியலின் ஆழ்கடலே! இப்படிக்கு, உங்கள் ரசிகர்கள்.’ தினம் காலையில டாண்ணு வந்துடுது. வேண்டாம்னு சொன்னா கேக்கறாங்களா?”

மறுபடி போன். மறுபடி துண்டித்தார்.

“சார், ஒரு தடவை வந்து மைக்ராஸ்கோப்புல பார்த்தீங்கன்னா...”

“அதெல்லாம் வேண்டாம். தானே அனுப்பித் தானே வளர்ற ஒரே ஒரு ஜீவனை என் கண்ணெதிர்ல காட்டு, உடனே கையெழுத்துப் போடறேன்!” ஃபைலை அவளிடமே தள்ளினார்.

அவள் கண் கலங்க எழுந்தபோது கதவு திறந்தது. பூக்கடைக்காரர் மூச்சிரைக்க நின்றார்.

“மன்னிக்கணும் சார், நீங்க போனை எடுக்கல, அதான் மாடியேறி வந்துட்டேன். மலைன்னு எழுதியாச்சு, கடல்னு எழுதியாச்சு, சூரியன் போன வாரமே முடிஞ்சுது. நாளைக்கு அட்டையில உங்களை என்னன்னு எழுதச் சொல்றீங்க?”

மாணவி மறுபடி உட்கார்ந்து, ஃபைலை இயக்குநர் பக்கம் நகர்த்தினாள்.