அறுபதாம் கல்யாண மாப்பிள்ளையின் விரல்கள்

திருக்கடையூரில் அன்று அறுபதாம் கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தனை மாப்பிள்ளைகளும் இளமையாகத் தெரிய வளர்ச்சி ஊசி போட்டவர்கள்தான்.

"மாப்பிள்ளை யாரு, பிள்ளையாண்டான் யாருன்னு கேட்டுண்டுதான் இப்பல்லாம் மணையில உக்கார வைக்கறேன்" என்று குருக்கள் சிரித்தார். மணையில் இருந்த சபேசன் தோளை இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டினார். வயது முப்பத்தைந்துக்கு மேல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பக்கத்தில் மனைவி கோமளா அவர் விரல்களையே பார்த்தாள். ஊசி தோளை மட்டுமா வளர்த்தது? விரல்கள் ஒவ்வொன்றும் மொந்தன் வாழைக்காய் மாதிரி ஆகிவிட்டன. ஒரு வருஷமாக அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுவது அவள்தான். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. நாத்தனாரும் இல்லாத வீடு. மூன்று முடிச்சையும் அவரேதான் போட வேண்டும்.

"ஏங்க, முடிச்சு போட வருமா?"

"சும்மா இருடி, எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

கெட்டிமேளம் முழங்கியது. சபேசன் தாலியோடு குனிந்தார். அவள் பிடரியில் மஞ்சள் கயிறு தடுமாறியது, வழுக்கியது, மறுபடி தடுமாறியது.

"கோமு... வரலடி."

அந்த அகலத் தோள் கூட்டத்தை மொத்தமாக மறைத்திருந்தது. கோமளா இரண்டு கைகளையும் மாலைக்கு அடியில் பின்னால் கொண்டுபோய், மூன்று முடிச்சையும் தானே போட்டுக்கொண்டாள்.

அட்சதை விழுந்தது. "மாப்பிள்ளை சிங்கம்டா!" என்று யாரோ கத்தினார்கள். சபேசன் வேர்த்துக் கொட்ட நிமிர்ந்து சிரித்தார்.

"திங்கக்கிழமை ஊசி வேணாங்க" என்றாள் மெல்ல.

"இன்னும் ஒரே ஒரு கோர்ஸ்தான்டி."

சன்னதியை வலம் வர அவள் கையைப் பிடித்தார். அவள் கை அந்த உள்ளங்கைக்குள் காணாமல் போனது.