நீக்கம்

"எங்க குடும்பப் பாலிசியில இருந்து மருமக பேரை எடுத்துடுங்க."

மாரப்பன் சொன்னதைக் கேட்டு, மாரண்டஹள்ளி மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட் வீரமணி திடுக்கிட்டார். மருமகள் எழிலரசி பக்கத்திலேயே கண் கலங்கி நின்றாள்.

"மகன் செத்து ரெண்டு வருசம்கூட ஆவல. அதுக்குள்ள இந்தப் பொண்ணை வெட்டி வுடறீங்களா?"

மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எடுத்துடுங்க."

"இருந்துட்டுப் போவட்டுமே மாமா," என்று எழிலரசி தழுதழுத்தாள்.

"நீ பேசாத."

வீரமணிக்குக் கோபம் பொங்கியது. "கம்பெனிக்குக் காரணம் சொல்லணுங்க. வூட்டை வுட்டுத் தொரத்திட்டோம்னு போடட்டுமா?"

"கல்யாணம்னு போடுங்க." மாரப்பனின் குரல் உடைந்தது. "ஞாயித்துக்கெழம சர்ச்சுல நான்தான் இவ கையப் புடிச்சுக் குடுக்கறேன். மாப்ள அவரு பாலிசியில சேத்துக்கறாருங்க."