சோஃபியாவின் இடது கை

"டீச்சரம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இத்தப் பூசி மறைக்கிறதுக்கு, வர்றவங்களாண்ட வாயத் தொறந்து சொல்லிட்டா இன்னா?"

ஐரினுக்குச் சுர்ரென்று வந்தது. மேக்கப் போட வந்தவள் புத்தி சொல்கிறாளா?

"இதோ பாரு ஜோதிலட்சுமி, உன்னைக் கூப்பிட்டது பூசறதுக்கு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

ஜோதிலட்சுமி மறுபடியும் பஞ்சைக் கையில் எடுத்தாள். வடபழனியில் சினிமாக்காரர்களுக்கு மேக்கப் போட்டு இருபது வருஷம் பழுத்தவள். "வேலை சுத்தம், ஒரு வீட்டு விஷயம் இன்னொரு வீட்டுக்குப் போகாது" என்று கல்யாணத் தரகர் பவுல்சாமிதான் அவளை அனுப்பிவைத்திருந்தார்.

நேற்றே வந்து, சோஃபியாவின் காதுக்குப் பின்னால் துளி தடவி, அரிக்கிறதா தடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். இன்று மத்தியானம் இரண்டு மணியிலிருந்து சோஃபியாவின் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்று நிறங்களைக் குழைத்து, பஞ்சால் ஒற்றி, பவுடர் தட்டிக் காயவைத்து, மறுபடியும் ஒற்றினாள். மணிக்கட்டிலிருந்து விரல்வரை படர்ந்திருந்த வெண்புள்ளிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

ஐரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். எது தோல், எது பூச்சு என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

"மம்மி, கல்யாணத்துக்கு அப்புறம் தினமும் இந்த அக்காவைக் கூட்டிட்டு வருவியா?" என்றாள் சோஃபியா.

"முதல்ல கல்யாணம் நடக்கட்டும்டி. போன ரெண்டு வரனும் உண்மையைச் சொல்லித்தானே கை நழுவிப் போச்சு?"

ஐரின் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவள். இது தொற்றுநோய் இல்லை, தொட்டால் ஒட்டாது என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டு விளக்குகிறவள். ஆனால் வகுப்பு வேறு, வீடு வேறு. அப்பா இல்லாத பெண்ணுக்கு முப்பது நெருங்குகிறது. இந்த வரனும் தட்டிப்போனால் அவளுக்குத் தாங்காது.

நாலு மணிக்கு மந்தைவெளி வீட்டு வாசலில் தி.நகர் மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நின்றது. ஐரின் அவசரமாக ஜோதிலட்சுமியைச் சமையலறைக்குள் தள்ளினாள்.

"கலைஞ்சா கூப்பிடறேன். அதுவரைக்கும் தலையைக் காட்டாதே."

மாப்பிள்ளை ஃபிரெட்ரிக், அவன் அம்மா, மாமா, கூடவே தரகர் பவுல்சாமி. எல்லாம் சுமுகமாகத்தான் போனது. ஃபிரெட்ரிக்கின் அம்மா சோஃபியாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல ஒளிவு மறைவே கிடையாதும்மா. எதுவா இருந்தாலும் நேருக்கு நேர்."

கேக் வந்தது.

"சாப்பிடறதுக்கு முன்னாடி எனக்கு இது ஆகணும்" என்று அந்தம்மா கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்தாள். தனக்கு விட்டுக்கொண்டு, உரிமையோடு சோஃபியாவின் இடது கையை இழுத்து, அதிலும் நாலு சொட்டு விட்டு, தானே தேய்த்தும் விட்டாள்.

தண்ணீருக்கு அசையாத பூச்சு ஸ்பிரிட்டுக்குக் கரைந்துவிட்டது. அந்தம்மாவின் உள்ளங்கையெல்லாம் பழுப்பு. சோஃபியாவின் புறங்கையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"ஐயோ, என்னது இது? ஒட்டிக்குமா?"

பாட்டிலில் மிச்சமிருந்ததையெல்லாம் தன் கையில் கொட்டிக்கொண்டாள்.

"ஒட்டாது ஆன்ட்டி" என்றாள் சோஃபியா. போர்டில் எழுதிப் போடும் ஐரினுக்கு நாக்கு எழவில்லை.

"மூடி மறைச்சு என் பையன் தலையில கட்டப் பார்த்தீங்களா? நீங்கள்லாம் ஒரு டீச்சர்! இன்னும் எங்கெல்லாம் இருக்கு? காட்டு!"

அந்தம்மா சோஃபியாவின் முந்தானையை விலக்கி, முழங்கைவரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தரிக்காயில் சொத்தை பார்ப்பது போலப் பார்த்தாள். மாமாவும் எட்டிப் பார்த்தார். சோஃபியா கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஐரின் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது.

"அந்தப் பொண்ணு கைய வுடுமா."

ஜோதிலட்சுமியைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் வெளுத்தது. கை தானாக விட்டது. எழுந்து நின்றிருந்த ஃபிரெட்ரிக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அழுத்தித் தொடைக்காத. காலைல நான் ஒட்னேனே முடி, அந்தப் பசை இன்னும் சரியா புடிக்கல. வேர்வை படக்கூடாதுன்னு உங்கம்மாவாண்ட அவ்ளோ சொல்லிட்டு வந்தேன்."

ஃபிரெட்ரிக்கின் இரண்டு கைகளும் தலைக்குப் போயின. மாமா சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆளை அனுப்பிய பவுல்சாமி, செருப்பை எங்கே விட்டோம் என்று வாசல் பக்கம் தேடினார்.

ஜோதிலட்சுமி தன் முந்தானையால் சோஃபியாவின் கையை மெதுவாகத் துடைத்துவிட்டாள்.

"ஆம்பளைக்கு முடி ஒரு குறையா?" என்று முனகிக்கொண்டே ஃபிரெட்ரிக்கின் அம்மா மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்துவிட்டாள்! ஐரினுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பேச்சும் வந்தது. சோஃபியா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள்.

ஐரின் விறுவிறுவென்று வந்து ஜோதிலட்சுமியின் எதிரில் நின்றாள்.

"நாலு பேர் முன்னாடி ஒரு ஆம்பளைப் பிள்ளையை இப்படியா அவமானப்படுத்துவே? வெளியே போ!"