ஆர்கன் மேல் கண்ணாடி

கூப்பிட்ட சர்ச்சுக்கெல்லாம் போய் ஆர்கன் வாசித்துக்கொடுக்கும் அவனுக்குப் பாடகர் குழு என்றாலே இளக்காரம். இந்தக் குழுவைப் பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது. பன்னிரண்டு பேர். பாதிப் பேருக்குப் பல் இல்லை, மீதிப் பேருக்குத் தாளம் இருக்கப்போவதில்லை.

"என் தலையை மட்டும் பாருங்க. நான் ஆட்டினா ஆரம்பிங்க. சொந்த மூளையெல்லாம் வேண்டாம்" என்றான்.

ஆர்கனில் உட்கார்ந்தால் குழு முதுகுக்குப் பின்னால் நிற்கும். அவர்களைப் பார்க்க எதிரே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தது. அவன் தலையாட்டினான். பன்னிரண்டு பேரும் பிசகாமல் ஆரம்பித்தார்கள். ஆனால், கண்ணாடியில் ஒருவர் கண்ணும் அவன் மேல் இல்லை. எல்லாரும் அவனுக்கு இடப்பக்கம், ஓர் ஆள் உயரத்தில், வெற்றிடத்தைப் பார்த்துப் பாடினார்கள்.

அரைக் கிறுக்குகள் என்று நினைத்துக்கொண்டான். இரண்டாம் பாட்டுக்கு வேண்டுமென்றே தலையாட்டவில்லை. சரியான இடத்தில் ஆரம்பித்தார்கள்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே போனதும், குழுவின் முன்வரிசையில் நின்றபடியே ஓர் அம்மாள் சொன்னாள்: "தம்பி, ரெண்டு எடத்துல உங்க கால் பெடலைத் தவற விட்டுடுச்சு. அவருதான் கையைத் தூக்கி எங்களை நிறுத்தி வச்சாரு. இல்லன்னா உங்க மானம் போயிருக்கும்."

"எவரு?"

"சத்தமா கேக்காதீங்க. வாடகைக்கு வர்ற ஆளுங்கன்னாலே அவருக்கு ஆகாது."

அவன் கண்ணாடியைப் பார்த்தான். பன்னிரண்டு பேரும் இடப்பக்கம் பார்த்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு, ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

எழுந்திருக்கப் போனவனும் உட்கார்ந்தான்.